பாவித்த தையல் மெசினும் நியாயமான விலையும்

புலம்பெயர்ந்து பிரித்தானியாவுக்கு வந்த எம்மவரின் வீடுகளில் முதன்முதலாக நுழைந்த பொருட்களுள் பெரும்பாலானவை பிறர் பாவித்தவையே. கட்டில் ஒருவர் தந்தது. சோபா இன்னொருவர் வீடு மாறும்போது விட்டுச் சென்றது. குளிர்சாதனப் பெட்டி கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது. இந்த வரிசையில் தையல் மெசினுக்குத் தனியிடம் உண்டு. மற்றவை வீட்டில் செலவைக் குறைத்தன. தையல் மெசின் வீட்டுக்கு வருமானம் கொண்டு வந்தது. சேலைச் சட்டை தைத்தும், திரைச்சீலை தைத்தும், காற்சட்டை நீளம் குறைத்துக் கொடுத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களிலேயே பலர் உள்ளனர்.

இன்றும் பாவித்த மெசின் வாங்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. புதிதாக வந்து சேரும் குடும்பங்கள் வாங்குகின்றன. தையல் பழக விரும்பும் இளம்பெண்கள் வாங்குகிறார்கள். பழைய இரும்பு மெசினின் உறுதி புதியவற்றில் இல்லை என்று சொல்லித் தேடிப்பிடித்து வாங்குவோரும் உள்ளனர்.

இக்கட்டுரை மெசின் வாங்குவது எப்படி என்று கற்பிக்க எழுதப்பட்டதல்ல. வாங்கும் வேளையில் எழுகின்ற ஓர் அறக்கேள்வியை வாசகர்களுடன் சேர்ந்து ஆராய்வதே எமது நோக்கம். கேள்வி இதுதான்: ஒரு பொருளின் பெறுமதி விற்பவருக்குத் தெரியவில்லை, வாங்குபவருக்குத் தெரியும் என்றால், வாங்குபவர் அதை வாய்திறந்து சொல்லக் கடமைப்பட்டவரா?

ஓர் உதாரணம்

அடுத்த தெருவில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியே வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார். மகளின் வீட்டோடு போய் இருப்பதற்காகத் தன் வீட்டை ஒழிக்கிறார். கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கும் சிறிய தையல் மெசினுக்கு 20 பவுண் கேட்கிறார். அது அவருடைய மாமியாருடையது. அவர் ஒருநாளும் அதில் தைத்ததில்லை.

எம்மவருள் ஒரு தாய் அதைப் பார்க்கப் போகிறார். ஊரில் தையல் பழகியவர். பெட்டியைத் திறந்தவுடனேயே அது என்னவென்று அவருக்கு விளங்கிவிடுகிறது. சிங்கர் கம்பனி 1930களில் வெளியிட்ட 221 என்ற மாதிரி. உடல் அலுமினியத்தால் ஆனது. நிறை ஏறக்குறைய 5 கிலோ மட்டுமே. இறகு போன்ற பாரமற்றது என்ற பொருளில் 'ஃபெதர்வெயிற்' என்று பெயர் பெற்றது. துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைப்பவர்கள் இன்றும் இதைத் தேடித் திரிகிறார்கள். நல்ல நிலையிலுள்ள ஒன்று பல நூறு பவுணுக்கு விலைபோவதுண்டு.

அந்தத் தாயின் கைப்பையில் இருப்பது 30 பவுண். மெசின் கிடைத்தால் வீட்டிலிருந்தே உழைக்கலாம். உண்மையைச் சொன்னால் மெசின் அவருடைய கைக்கு எட்டாமற் போகலாம். சொல்லாமல் 20 பவுணை நீட்டினால், மூதாட்டி நன்றி சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்புவார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. கேட்ட விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் வீடு திரும்பும் வழியில் மனத்தில் ஏதோ உறுத்துமா, உறுத்தாதா? உறுத்துமானால் அது ஏன்?

அறிவுக்கும் ஒரு கூலி உண்டு

முதலில் வாங்குபவரின் பக்கத்தை நேர்மையாக எடுத்துரைப்போம். பழைய மெசின்களைப் பற்றிய அறிவு இலவசமாக வருவதில்லை. தங்க நிறக் கோலங்களுடன் கறுப்பாக மினுங்கும் பழைய சிங்கர் மெசினைக் கண்டதும், இது பெரும் விலை பெறும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை பெரும்பாலும் மறுபக்கம். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங் நகரில் 1880களில் எழுந்து 1980இல் மூடப்பட்ட சிங்கர் தொழிற்சாலை, முதலாம் உலகப் போருக்கு முந்திய உச்சக் காலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மெசின்களை உற்பத்தி செய்தது. இத்தனை பெருந்தொகையாகச் செய்யப்பட்ட பொருள் அரிய பொருளாக இருக்க முடியாது. ஆகவே பெரும்பாலான பழைய கைமெசின்கள் அழகானவை, உறுதியானவை, ஆனால் மலிவானவை. ஒரு சில மாதிரிகளே விதிவிலக்கு.

எது எதுவெனப் பிரித்தறிய, மெசினின் அடித்தட்டில் பொறித்திருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். கைச்சக்கரத்தைச் சுழற்றி ஊசி தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா, துணியைத் தள்ளும் பற்கள் தேய்ந்துள்ளனவா, பொபின் கூடு சரியானதா, மின்கம்பியின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கத் தெரிய வேண்டும். இவற்றைக் கற்க ஆண்டுகள் செல்லும். கற்றவர் தன் கல்வியால் ஓரளவு பயன் பெறுவது எப்படிக் குற்றமாகும்? வைத்தியர் தன் அறிவுக்குக் கட்டணம் பெறுகிறார். கணக்காளர்களாகிய நாமும் பெறுகிறோம்.

இந்த வாதத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வைத்தியரின் அறிவால் நோயாளி நன்மையடைகிறார். அதற்காகவே கட்டணம் செலுத்துகிறார். நாம் கேட்கும் சந்தர்ப்பத்திலோ வாங்குபவரின் அறிவு மூதாட்டிக்கு எதையும் கொடுக்கவில்லை. அவர் அறியாதிருப்பதே மற்றவரின் இலாபமாகிறது.

கணக்காளர் சொல்லும் மூன்று நிபந்தனைகள்

எமது தொழிலில் 'நியாயப் பெறுமதி' என்று ஒரு சொல் உண்டு. சர்வதேசக் கணக்கீட்டு நியமங்கள் நெடுங்காலம் அதற்குக் கொடுத்துவந்த வரைவிலக்கணத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. கொடுக்கல் வாங்கலில் ஈடுபடும் இருவரும் விடயம் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். இருவரும் விருப்பத்தோடு வந்தவர்களாக இருக்க வேண்டும். இருவரும் ஒருவர் பிடியில் மற்றவர் இல்லாதபடி எட்ட நின்று பேசுபவர்களாக இருக்க வேண்டும். 2011இல் வெளியான 13ஆம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம் சொற்களை மாற்றியது. ஆயினும் சந்தையில் பங்குபற்றுபவர்கள் அறிந்தவர்களாகவும் விரும்பியவர்களாகவும் சுயாதீனமானவர்களாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை அது கைவிடவில்லை. நெருக்கடியில் விற்றுத் தள்ளும் விலையை நியாயப் பெறுமதியாகக் கொள்ளக்கூடாது என்பதும் அதன் உட்கிடை.

இவை பெரிய கம்பனிகளின் ஐந்தொகைக்காக எழுதப்பட்டவை. எனினும், ஒரு விலை நியாயமானதா என்று வீட்டில் இருந்து சிந்திக்கும் எவருக்கும் இம்மூன்று கேள்விகளும் உதவும். அறிந்தாரா? விரும்பினாரா? எட்ட நின்றாரா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், விலை எதுவாயிருந்தாலும் எவருக்கும் அநீதி இல்லை. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

சந்தை விலை என்றால் அதுவே நியாய விலை என்று சிலர் சொல்வர். 2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டலாம். பழைய சிங்கர் மெசின்களின் ஊசிக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற அபூர்வப் பொருள் இருக்கிறதென்று ஒரு வதந்தி பரவியது. ஒன்றுக்கும் உதவாது கிடந்த மெசின்களைப் பல்லாயிரம் ரியால் கொடுத்து வாங்கச் சனங்கள் முண்டியடித்தார்கள். அப்படி ஒரு பொருள் அந்த மெசின்களில் இருக்கவில்லை. அன்றைய சந்தை விலை அதுதான். ஆனால் வதந்தி பொய்யென்று தெரிந்துகொண்டு விற்றவர் நியாயமாக விற்றார் என்று எவரும் சொல்லமாட்டார். அங்கே அறியாதவர் வாங்கியவர்; எமது உதாரணத்தில் அறியாதவர் விற்பவர். இடந்தான் மாறியிருக்கிறது.

சட்டம் எதுவரை வருகிறது

இந்நாட்டுச் சட்டம் எமது கேள்விக்குத் தரும் விடை சுருக்கமானது. கடைக்காரரிடம் வாங்கினால் பொருள் திருப்திகரமான தரமுடையதாக இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் ஒருவர் தன் வீட்டுப் பொருளை விற்கும்போது அந்தக் கடமை அவருக்கு இல்லை; பொருள் அவர் சொன்ன விபரத்துக்குப் பொருந்த வேண்டும், அவர் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். வாங்குபவரும் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி ஏமாற்றக்கூடாது. ஆனால் கேட்காத ஒன்றைத் தானாகச் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. விலை போதுமானதா என்று நீதிமன்றம் பார்ப்பதுமில்லை. வெறும் சொக்கிளேற் உறைகளும் ஒரு விலையின் பகுதியாகலாம் என்று 1959இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது.

எமது தாயகத்துச் சட்டத்தில் வேறொரு கோட்பாடும் உண்டு. இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம-டச்சுச் சட்டம், காணி முதலிய அசையாச் சொத்தை அதன் உண்மைப் பெறுமதியின் அரைவாசிக்கும் குறைவாக விற்றுவிட்டவர் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க இடமளிக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்ரினியன் பேரரசர் தொகுப்பித்த உரோமச் சட்டத்திலேயே இக்கோட்பாட்டின் வேர் இருக்கிறது. இங்கு கவனிக்கத்தக்கது அதன் விதிவிலக்கு. உண்மைப் பெறுமதியை அறிந்துகொண்டே குறைத்து விற்றவர் பின்னர் முறையிட முடியாது. அதாவது, அந்தச் சட்டத்துக்கு விலை குறைந்தது மட்டும் பிரச்சினையல்ல. அறியாமற் குறைந்ததா என்பதே பிரச்சினை.

பழைய மெசின் ஒன்றுக்காக எவரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. எனவே சட்டம் எம்மை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மிச்சத் தூரத்தை மனச்சாட்சியோடுதான் நடக்க வேண்டும்.

முன்னோர் சொன்னவை

இக்கேள்வி புதியதன்று. கி.மு. 44இல் உரோம நாட்டுச் சிசரோ கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு எழுதிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியத்துடன் முதலில் வந்து சேர்கிறார். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தீவு மக்களுக்குத் தெரியாது. அவர் சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற அறிஞர் தேவையில்லை என்றார்: பொய் சொல்லாமல் இருப்பதே விற்பவரின் கடமை, தெரிந்த எல்லாவற்றையும் சொல்வதல்ல. அவருடைய மாணவர் அன்ரிபேற்றர் சொல்லத்தான் வேண்டும் என்றார்: மனிதர் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள், தன் இலாபத்துக்காக மற்றவரை இருட்டில் வைப்பது அந்த உறவை அறுப்பதாகும். சிசரோ மாணவரின் பக்கமே சாய்ந்தார்.

அதே நூலில் வாங்குபவர் ஒருவரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஸ்கேவோலா என்ற சட்ட அறிஞர் ஒரு தோட்டம் வாங்கப் போனார். விற்பவர் விலையைச் சொன்னார். இது இதைவிடக் கூடப் பெறும் என்று சொல்லி, கேட்டதற்கு மேலாக ஓர் இலட்சம் நாணயங்களைச் சேர்த்துக் கொடுத்தாராம். அவர் நல்லவர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரர் அல்லர் என்று சொன்னார்கள் என்று சிசரோ குறிப்பிடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் எமது மண்டபத்துப் பேச்சில் இந்த இரண்டு சொற்களும் மாறவில்லை.

எமது இலக்கியம் இவ்விடயத்தில் பின்னிற்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது அளவுக்கு மிஞ்சி எடுப்பதில்லை, கொடுக்கும்போது அளவிற் குறைப்பதில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. இதில் வாங்கும்போது காட்ட வேண்டிய நேர்மை முதலில் வருவதைப் பாருங்கள். வியாபாரத்தில் நேர்மை என்றால் விற்பவருக்கு மட்டும் உரிய கடமை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளுடனேயே முடிக்கிறார். பிறர் பொருளைத் தம் பொருள்போலப் பேணுவதே அவர் காட்டும் வணிகம். அந்த மெசின் எமது தாயாருடையதாக இருந்து, அறிந்தவர் ஒருவர் அதை 20 பவுணுக்குக் கேட்டிருந்தால், அவர் வாய்திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்த்திருப்போம் அல்லவா?

சொல்லப்படும் சாட்டுகள்

இனி, நாம் அடிக்கடி கேட்கும் மறுப்புகளுக்கு வருவோம்.

'நாங்கள் வாங்காவிட்டால் ஒரு வியாபாரி வந்து 10 பவுணுக்குக் கொண்டுபோயிருப்பான்' என்பது ஒன்று. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்னொருவர் செய்யக்கூடிய தவறு எமது செயலின் அளவுகோலாகாது. அப்படியானால் உலகிலுள்ள மிக மோசமான வியாபாரியே எம் எல்லோருக்கும் அறம் வகுப்பவராகிவிடுவார்.

'வெள்ளைக்காரர் எங்கட நாட்டிலை எடுத்ததுக்கு இது எந்த மூலைக்கு' என்பது இரண்டாவது. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், ஆனாலும் விடை சொல்ல வேண்டிய வாதம். கணக்கியலில் ஒருவரின் கடனை வேறொருவரின் வரவோடு கழித்துவிட அனுமதியில்லை. பேரரசின் கணக்கு வேறு, அந்த மூதாட்டியின் கணக்கு வேறு. அவரது மாமியாரே கிளைட்பாங் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை செய்தவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பே பாரமானது. 'அவரிடம் வீடு இருக்கிறது. எங்களிடம் 30 பவுண் இருக்கிறது. ஏழை ஏன் பணக்காரரின் இலாபத்தைக் காக்க வேண்டும்?' இதற்கு எளிதான விடை இல்லை. ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு வழி தேடும் தாயிடம் அறம் பேசுவது, வயிறு நிறைந்தவருக்குச் சுலபம். இந்த மறுப்புக்கு விடை காண, நாமே விற்பவர்களாக நின்ற ஒரு காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே தொகை, இரண்டு விலை

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் இல்லை. அப்போது நாம் பாடசாலை மாணவர். சிங்கர் கம்பனி 1877இலேயே கொழும்பில் கடை திறந்திருந்தது. மூன்று தலைமுறையாக அந்தப் பெயர் எமது ஊர் வீடுகளில் பழக்கமானது. பலருடைய சீதனப் பொருட்களுள் அதுவும் ஒன்று. கால்மெசினின் இரும்புக் கால்களை வீட்டில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவர்கள் பலர். எமது அம்மாவும் அப்படியே கொண்டுவந்தார். சில வாரங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் காசில்லாமற் போகவே, அதை விற்கத் தீர்மானித்தார்.

காலையில் ஒருவர் வந்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். 'பழைய சாமான். காலும் இல்லை. எல்லாரும் விக்கினம், ஆர் வாங்கப் போயினம்?' என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னார். அம்மா கொடுக்கவில்லை. பின்னேரம் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் வந்தார். 'பிள்ளை, இது இதைவிடக் கூடப் பெறும். என்னட்டை இவ்வளவுதான் இருக்கு. நீங்கள் திரும்பிப் போகேக்கை இதே காசைத் தந்திட்டு எடுத்துக்கொண்டு போங்கோ' என்றார். இருவரும் சொன்ன தொகை ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா இரண்டாமவரிடம் கொடுத்தார்.

பின்னர் நாம் வன்னிக்குப் போய்விட்டோம். மெசினை மீட்கும் வாய்ப்பு வரவில்லை. ஆயினும் அம்மா ஒருநாளும் அந்த மெசினை இழந்ததாகச் சொன்னதில்லை. 'அந்த மனிசிக்குக் குடுத்தனான்' என்றே சொல்வார்.

தொகை ஒன்றாக இருக்க, ஒன்று ஏன் நியாயமாகவும் மற்றது அநியாயமாகவும் பட்டது? முதலாமவர் அம்மாவின் நெருக்கடியைத் தன் பேரத்துக்குக் கருவியாக்கினார்; மெசினின் பெறுமதியையும் குறைத்துக் காட்டினார். இரண்டாமவரும் ஏழை. அவரால் கூடுதலாக ஒரு சதமும் கொடுக்க முடியவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னார். சொன்னபடியால், குறைந்த மிச்சத்தை அம்மா அறிந்தே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்கும் கௌரவம், எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்த அந்நாட்களிலும் அவரிடம் மிஞ்சியது.

ஆகவே மூன்றாவது மறுப்புக்கு எமது விடை இதுதான். உண்மையைச் சொல் என்பதும் முழு விலையையும் கொடு என்பதும் ஒன்றல்ல. ஏழையால் முழு விலை கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டும் என்று எந்த அறமும் கேட்காது. ஆனால் உண்மையைச் சொல்லக் காசு வேண்டியதில்லை. அந்தத் தாய் மூதாட்டியிடம், 'அம்மா, இந்த மெசின் நீங்கள் கேட்டதைவிடப் பல மடங்கு பெறும். விசாரித்துப் பாருங்கள். என்னிடம் 30 பவுண்தான் இருக்கிறது' என்று சொல்லலாம். மூதாட்டி விசாரித்து வேறொருவருக்கு விற்கலாம்; அது அவருடைய உரிமை. அல்லது, இதில் தைக்கத் தெரிந்த ஒருவரிடம் போவதே தனக்கு விருப்பம் என்று 20 பவுணுக்கே கொடுத்துவிடலாம். அப்போது அந்த மிச்சப் பணம் அவர் கொடுத்த கொடை. சொல்லாமல் எடுத்திருந்தால் அதே பணம் அவருக்குத் தெரியாமல் அவரிடமிருந்து எடுத்தது.

எங்கே எவ்வளவு சொல்ல வேண்டும்

இதை எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பொருத்தக்கூடாது. பழைய பொருட்களையே தொழிலாக விற்கும் கடைக்காரர் எம்மைவிட அறிந்தவர், அல்லது அறிந்திருக்க வேண்டியவர். அவருடன் தாராளமாகப் பேரம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமைக் கார் பூற் சந்தையில் இருபகுதியினரும் மலிவு தேடியே வருகிறார்கள். விலை ஒன்றைத் தாமே எழுதி வைத்திருப்பவரிடம் கேட்டதைக் கொடுத்து வாங்குவதில் பெரிய குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 'இது ஏதும் பெறுமா?' என்று அவர் எம்மையே கேட்டுவிட்டால், பொய் சொல்லும் உரிமை எமக்கு அந்தக் கணமே போய்விடுகிறது. தர்மக் கடையில் தொண்டர் ஒருவர் தெரியாமல் விலை ஒட்டியிருந்தால், குறைவது அவருடைய பணமல்ல; நோயாளருக்கோ அநாதைப் பிள்ளைகளுக்கோ போகவிருந்த பணம். அங்கே ஒரு சொல் சொல்லிவிடுவதே நன்று.

விற்பவர் துயரத்தில் இருக்கும்போதும், எம்மை நம்பிக் கேட்கும்போதும், அவசரத்தில் நாட்டைவிட்டோ வீட்டைவிட்டோ போகும்போதும் கடமை முழுமையாக வந்து சேர்கிறது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு இடம் மாறும் குடும்பமொன்று வீட்டுப் பொருட்களை விற்கும்போது, எம்மவரே அடிமாட்டு விலைக்குக் கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். 1995ஐக் கடந்து வந்தவர்களுக்கு இது அழகல்ல.

எட்ட நிற்றல் என்ற மூன்றாவது நிபந்தனை எமக்குள்ளேயே மிகவும் சோதிக்கப்படுகிறது. ஆலய மண்டபத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் பொருள் வாங்கும்போது எவரும் எட்ட நிற்பதில்லை. ஒருவர் ஊரவர், ஒருவர் சம்பந்தி, ஒருவர் பிள்ளையின் சங்கீத ஆசிரியர். விலை கூட என்று சொல்ல வாய் வராது. 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த மெசின்கள் சிலவற்றில் உலோகப் பற்சக்கரங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பற்சக்கரங்கள் உண்டு; காலப்போக்கில் அவை வெடிக்கும். அது தெரிந்திருந்தும் 'நல்லாய் ஓடுது அக்கா' என்று ஒருவர் விற்றால், வாங்கியவர் இரண்டு மாதத்தில் உண்மையை அறிந்தாலும் முகத்துக்காக வாய்மூடி இருப்பார். அந்நியரை ஏமாற்றினால் அவர் சண்டை பிடிப்பார். உறவினரை ஏமாற்றினால் அவர் பேசாமல் இருப்பார். பின்பு மெல்ல மெல்ல வராமல் விடுவார். ஆலயம் என்ற சமூகம் இப்படித்தான் தேய்கிறது.

இதற்கு ஓர் எளிய சோதனையை வாசகர்கள் வைத்துக்கொள்ளலாம். வாங்கியதற்கு மறுநாள் விற்றவரை வீதியில் சந்தித்தால், அந்தப் பொருளைப் பற்றி எமக்குத் தெரிந்த அனைத்தையும் தயக்கமின்றி அவருக்குச் சொல்ல முடியுமா? முடியுமானால் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அது நல்ல வாங்கல். முடியாதானால், சொல்ல வேண்டியதை முதல்நாளே சொல்லிவிடுவது மேல்.

அப்படிச் சொன்னதால் சில மெசின்கள் எமது கையைவிட்டுப் போகும், அதை மறைப்பதற்கில்லை. ஸ்கேவோலாவைப் போல நல்லவர் என்று பெயரெடுத்துக் கெட்டிக்காரர் என்ற பெயரை விட வேண்டிவரும். ஆனால் கையில் வந்து சேரும் மெசினில் இருந்து தைக்கும்போது, அது கொடுக்கப்பட்டதா எடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழாது. அந்த மெசினில் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துத் திருவிழாவுக்கு உடுத்தி அழைத்து வரலாம். அதன் கதையையும் பிள்ளைக்கு முழுமையாகச் சொல்லலாம்.